ஐந்து ஷேரும் ஐந்தாவது பெயரும்

புதுச்சேரியில் லாஸ்பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏர்போர்ட், ஹெலிபேட் மைதானம், தாகூர் கலைக் கல்லூரி எல்லாம் அங்கேதான். ஷேர் மார்க்கெட்டில் கையைச் சுட்டுக்கொண்ட உள்ளூர்க்காரர்களிடம் "வீடு எங்கே சார்?" என்று கேட்டால், சொந்த வீடு முத்தியால்பேட்டையில் இருந்தாலும், "லாஸ்... பேட்டை" என்று நடுவில் ஒரு இடைவெளி விட்டுச் சொல்வார்கள். பழைய ஜோக்தான். ஆனால் அந்தப் பெயருக்கும் ஷேருக்கும் நிஜமாகவே ஒரு சம்பந்தம் உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் என் வாக்கிங் நண்பர்.

சாயங்காலம் ஆனால் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், தெரியும்தானே? காந்தி சிலையிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரைக்கும் ஒரு நடை, திரும்ப ஒரு நடை. பத்து வருஷமாக என்னோடு நடப்பவர் அவர். நல்ல மனிதர். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ராத்திரி பதினொரு மணிக்கு காரை எடுத்துக்கொண்டு வந்தவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவரை வில்லனாக்கிவிடுவீர்கள்.

2025 அக்டோபரில் ஒருநாள் நடந்துகொண்டே கேட்டார்: "சார், உங்க அம்மா பேர்ல ஒரு டீமேட் அக்கவுன்ட் இருக்குல்ல? சும்மாத்தானே கிடக்குது?"

"ஆமா. அப்பா போனப்புறம் மாத்தினது. ஏன்?"

"நான் பணம் தர்றேன். அதுல இன்ஃபோசிஸ் 130 ஷேர் வாங்கிப் போடுங்க. பைபேக் வருது. முடிஞ்சதும் பணத்தை எனக்குத் திருப்பிடுங்க. லாபத்துல அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை. என் வீட்ல நாலு பேர் செட்டாயிட்டாங்க. அஞ்சாவதா ஒரு பேர் குறையுது."

இந்த 'ஐந்தாவது பெயர்' என்ன விஷயம் என்று புரிய வேண்டுமானால், பைபேக் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஷேரே வாங்காதவர்களும் தயவுசெய்து கூட வாருங்கள், ஒன்றும் கஷ்டமில்லை.

ஒரு கம்பெனி தன்னுடைய பங்குகளைத் தானே பங்குதாரர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதுதான் பைபேக். அதில் ஒரு முறைக்கு டெண்டர் ஆஃபர் என்று பெயர். 'இன்ன தேதி கணக்குப்படி யார் யார் பங்கு வைத்திருக்கிறீர்களோ, உங்களிடமிருந்து இத்தனை பங்கு, இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம். விருப்பமிருந்தால் கொடுங்கள்' என்று எல்லோருக்கும் கடிதம் வரும். அந்த 'இன்ன தேதி'தான் ரெக்கார்ட் தேதி. விருப்பமுள்ளவர்கள் ஐந்து வேலை நாளுக்குள் புரோக்கர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். கொடுக்க முன்வந்த பங்குகள் டீமேட் கணக்கிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஏற்றுக்கொண்ட பங்குக்குப் பணம் வரும், மீதிக்குப் பூட்டு திறக்கும். கம்பெனி வாங்கிய பங்குகளை வைத்துக்கொள்ளக் கூடாது, அழித்துவிட வேண்டும்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. அரபிந்தோ பார்மா இன்றைக்கு ஹைதராபாத் கம்பெனி. ஆனால் 1988-89இல் அது ஒரே ஒரு தொழிற்சாலையோடு உற்பத்தியை ஆரம்பித்தது புதுச்சேரியில். அந்தக் கம்பெனி 2024 ஜூலையில் 51,36,986 பங்குகளை, ஒன்று 1,460 ரூபாய் வீதம், டெண்டர் ஆஃபர் முறையில் திரும்ப வாங்குவதாக அறிவித்தது. மொத்தம் 750 கோடி ரூபாய். தெருவில் ரெண்டு பேராவது வைத்திருந்தார்கள். ஒருவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "கம்பெனியை மூடறாங்களா?" என்று என்னிடம் பதறிக்கொண்டு வந்தார்!

இப்போது நண்பரின் இன்ஃபோசிஸ். 2025 செப்டம்பர் 11ஆம் தேதி அறிவித்தார்கள். 10 கோடி பங்குகள், ஒன்று 1,800 ரூபாய், ஆக 18,000 கோடி. சந்தையில் அன்றைக்கு விலை 1,500 ரூபாயை ஒட்டி. ஒரு ஷேருக்கு 300 ரூபாய் கூடுதல்! கொடுக்க யாருக்குத்தான் கை நீளாது? அதனால்தான் பங்கீடு. அதில் 'செபி' ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது. ரெக்கார்ட் தேதியன்று இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பங்கு வைத்திருப்பவர்கள் சிறு பங்குதாரர்கள். மொத்தத்தில் குறைந்தது 15 சதவிகிதம் அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும்.

இதன் பலன் என்ன தெரியுமா? இன்ஃபோசிஸில் பெரியவர்களுக்கு 706 பங்குக்கு 17 பங்கு என்று உரிமை வந்தது. சிறியவர்களுக்கு 11 பங்குக்கு 2. அதாவது பெரியவர் நூறு கொடுத்தால் இரண்டரைகூட உறுதியில்லை, சிறியவர் நூறு கொடுத்தால் 18 உறுதி.

நண்பர் மனதில் ஓடிய கணக்கு இதுதான். அவரே ஆயிரம் பங்கு வைத்திருந்தால் பெரியவர் வரிசை. அதையே 130, 130ஆகப் பிரித்து மனைவி, மாமியார், தங்கை, தம்பி மகன் என்று வைத்தால் ஒவ்வொருவரும் இரண்டு லட்சத்துக்கு உள்ளே. எல்லோரும் சிறியவர். பின்னால் வந்த விகிதப்படி பார்த்தால் ஒரு பெயருக்கு 23 பங்கு உறுதி. 300 ரூபாய் வீதம் 6,900. "பாதிப் பேர் அப்ளையே பண்ண மாட்டான் சார், அதனால இன்னும் கூடவே எடுப்பாங்க" என்பது அவர் அனுபவம். அதுவும் பெரும்பாலும் உண்மைதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. 2024 அக்டோபர் 1க்கு முன்னால் பைபேக் வரியைக் கம்பெனியே கட்டிவிடும். அதன்பின் மாற்றிய விதிப்படி, 2025இல் கைக்கு வந்த மொத்தத் தொகையும் டிவிடெண்ட் மாதிரி விற்றவரின் வருமானத்தில் சேர்ந்தது. முப்பது சதவிகித வரி கட்டுகிறவருக்கு அப்போது 1,800இல் 540 போய்விட்டது, மிச்சம் 1,260. வாங்கிய விலையை நஷ்டமாகக் காட்டி வேறு லாபத்தில் பின்னால் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அப்போதைக்கு அவருக்குக் கட்டுப்படியாகாது. வருமானமே இல்லாத 84 வயது அம்மாவுக்கு வரி ஏது? (இந்த வரி விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள். உங்களுக்கு ஒரு பைபேக் வரும்போது ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், என்னை நம்பாதீர்கள்.)

ஆக, என் அம்மாவிடம் இருந்த இரண்டு சொத்துகள் அவருக்குத் தேவைப்பட்டன. ஒன்று அவள் பெயர். இன்னொன்று அவள் ஏழ்மை.

எனக்கு உடனே ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு கார்டு, மற்றவர்களுக்கு மஞ்சள் கார்டு. மாடி வீடு கட்டி, வாசலில் கார் நிறுத்தி, கையில் சிவப்பு கார்டு வைத்திருப்பவரைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசுகிறோம்! என் நண்பரே பேசுவார். "இவனுங்களுக்கெல்லாம் வெக்கமே இல்ல சார்" என்பார். அதே மனிதர்தான் அம்மாவின் கணக்கைக் கேட்கிறார், குரலில் ஒரு உறுத்தல்கூட இல்லாமல். ஏன் உறுத்தவில்லை? அரிசி மூட்டை கண்ணுக்குத் தெரிகிறது. ஷேர் தெரிவதில்லை, அவ்வளவுதானா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒருவர் பணத்தில், அவருடைய லாபத்துக்காக, சம்பந்தமில்லாத இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவது பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஜெயில் வரைக்கும் போகும். அம்மாவின் விஷயத்தில் பேச்சே இல்லை. மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கினால் பினாமி ஆகாது. ஆனால் கணவன் பணத்தில் மனைவி பெயரில் வாங்கியதில் வரும் வருமானத்தைக் கணவன் கணக்கில் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் என் கேள்வி ஜெயிலைப் பற்றியது இல்லை. சட்டம் அனுமதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது தப்பா, இல்லையா?

நண்பரின் வாதம் பலமானது. "யாருக்கு சார் நஷ்டம்? கம்பெனி எப்படியும் 18,000 கோடி குடுக்கத்தான் போகுது. அதை நான் வாங்கினா என்ன, எவனோ ஒருத்தன் வாங்கினா என்ன? எவனாவது அழுதானா?"

பின்னால் விகிதம் வெளியான அன்று ராத்திரி ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போடலாம். சிறியவர்களுக்கான ஒதுக்கீடு 10 கோடியில் 15 சதவிகிதம், ஒன்றரைக் கோடி பங்கு. அது மாறாது. 11க்கு 2 என்று வந்திருப்பதால், ரெக்கார்ட் தேதியன்று சிறியவர்கள் வரிசையில் இருந்த மொத்தப் பங்கு சுமார் எட்டேகால் கோடி என்று தெரிகிறது. அந்த எட்டேகால் கோடியில் இரவல் பெயர்களும் உண்டு, நிஜப் பெயர்களும் உண்டு. எத்தனை எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த மொத்தம்தான். யார் விண்ணப்பித்தார்கள், யார் தூங்கினார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். ரிடையர் ஆகி இருபது வருஷம். பையன் எப்போதோ வாங்கிக் கொடுத்த இன்ஃபோசிஸ் ஐந்து பங்கு அவரிடம் இருக்கிறது. ஐந்தே ஐந்து. ஐந்தை இரண்டால் பெருக்கிப் பதினொன்றால் வகுத்தால் 0.9. பின்னத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆக அவருக்கு உரிமை பூஜ்யம். (இப்படிப் பூஜ்யம் வந்தவர்கள் விண்ணப்பித்தால், இடமிருந்தால் ஒரு பங்கை முன்னுரிமையில் எடுப்பார்கள். அது சலுகை, உரிமை இல்லை.)

அந்த வரிசையில் எட்டேகால் கோடிக்குப் பதில் ஏழரைக் கோடி பங்கு இருந்திருந்தால் விகிதம் சரியாக ஐந்துக்கு ஒன்று. டீச்சரம்மாவுக்கு உரிமையாகவே ஒரு பங்கு வந்திருக்கும். வித்தியாசம் 75 லட்சம் பங்கு. பெயருக்கு 130 என்று வைத்தால் சுமார் 58,000 பெயர்கள். இத்தனையும் இரவல் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் நண்பரின் 'யாருக்கு நஷ்டம்?' என்ற கேள்விக்கு ஒரு முகம் கிடைத்தது. எதிர் வீட்டு முகம்.

ஒரு பெயர் சேர்ந்தால் டீச்சரம்மாவுக்குக் குறைவது எவ்வளவு? கண்ணுக்கே தெரியாது. இங்கேதான் மனசாட்சி ஏமாறுகிறது என்று நினைக்கிறேன். ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் எடுத்தால் திருட்டு என்று உடனே தெரிகிறது. ஒரு லட்சம் பேரிடம் ஆளுக்கு ஒரு பைசா எடுத்தால் தெரியவில்லை. எடுத்தவர் கையில் ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். அழுகை கேட்காததால் அடி விழவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

பைபேக்கில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. பணத்தைக் 'கம்பெனி' கொடுக்கிறது என்று நினைக்கிறோம். கம்பெனி என்று தனியாக ஒரு பணக்கார மாமா உட்கார்ந்திருக்கிறாரா என்ன? அந்தக் கல்லாப்பெட்டி எல்லாப் பங்குதாரர்களுக்கும் பொது. 1,500 விற்கிற பொருளுக்கு 1,800 கொடுத்தால் அந்தக் கூடுதல் 300, வெளியே போகாமல் இருக்கிறவர்களின் பங்கிலிருந்துதான் போகிறது. பொருளின் நிஜ மதிப்பு 2,000 என்றால் உல்டா, போகிறவர் இருப்பவருக்கு 200 ரூபாய் விட்டுப்போகிறார். எல்லோரும் ஒரே விகிதத்தில் கொடுத்தால் யாருக்கும் லாப நஷ்டமில்லை. டெண்டர் ஆஃபரில் எல்லோருக்கும் கடிதம் போட்டு விகிதாச்சாரம் பார்ப்பதன் நியாயமே அதுதான். அந்த விகிதத்தைக் கோணலாக்குவதுதான் நண்பரின் யோசனை.

இன்ஃபோசிஸில் நந்தன் நிலகேணி, சுதா மூர்த்தி உட்பட புரொமோட்டர்கள் யாரும் அந்தத் தடவை விற்க வரவில்லை. பெருந்தன்மை என்றார்கள் சிலர். 'உள்ளே இருப்பவர்கள் விற்காதபோது நாம் ஏன் விற்க வேண்டும்?' என்றார்கள் சிலர். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

லாஸ்பேட்டை கதை பாக்கி இருக்கிறதே! அதுவும் ஒரு பைபேக் கதைதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊர் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். பிரெஞ்சு இந்தியக் கம்பெனி. 1719இல் அதை இன்னொரு கம்பெனியோடு சேர்த்துப் பெரிதாக்கியவர் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர். 500 லிவ்ர் முகமதிப்புள்ள பங்கு சில மாதங்களில் 10,000 லிவ்ர் வரை போனது. (லிவ்ர் என்பது அந்தக்கால பிரெஞ்சு நாணயக் கணக்கு.) 1720 தொடக்கத்தில் அவரே பிரான்ஸின் நிதி அமைச்சர் மாதிரி. விலை சரிய ஆரம்பித்ததும், மார்ச் 5ஆம் தேதி ஒரு அறிவிப்பு போட்டார்: யார் கொண்டுவந்தாலும் பங்கு ஒன்றை 9,000 லிவ்ருக்கு வாங்கிக்கொள்வோம்!

எந்தப் பணத்தில்? அங்கேதான் விஷயம். கம்பெனியும் அவருடைய வங்கியும் ஏற்கனவே ஒன்றாகிவிட்டன. ஆகவே புது நோட்டு அடித்துக் கொடுத்தார்கள். முதலில் போனவர்கள் நோட்டை வாங்கி வீடும் நிலமுமாக மாற்றிக்கொண்டார்கள். நோட்டு பெருகப் பெருக விலைவாசி ஏறியது. மே 21ஆம் தேதி, பங்கு விலையைப் படிப்படியாக 5,000ஆகக் குறைப்போம், நோட்டின் மதிப்பையும் பாதியாக்குவோம் என்றார்கள். பாரிஸ் கொந்தளித்தது. சில நாளில் ஆணையை வாபஸ் வாங்கினார்கள், ஆனால் நம்பிக்கை வாபஸ் வரவில்லை. டிசம்பரில் ஜான் லா நாட்டை விட்டே போய்விட்டார். 1729இல் வெனிஸ் நகரத்தில் இறந்தார். ஷேரே வாங்காமல், கையில் அந்த நோட்டை மட்டும் வைத்திருந்த காய்கறிக்காரியும் சேர்ந்துதான், முன்னால் வெளியேறியவர்களின் 9,000க்குப் பணம் கட்டினாள்.

அவருடைய தம்பி மகன் ழான் லா தெ லொரிஸ்தோன். ஆங்கிலேயர்கள் 1761இல் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765இல் திரும்பப் பெற்று, மறுபடி கட்டி எழுப்பிய கவர்னர் அவர்தான். லாஸ்பேட்டை அவர் பெயரால் வந்தது என்பார்கள். பெரியப்பா கலைத்தது பாரிஸை, தம்பி மகன் கட்டியது பாண்டிச்சேரியை. குடும்பக் கணக்கு எங்கேயோ நேராகிவிட்டது!

நம் நாட்டில் 1998 வரை கம்பெனிகள் தங்கள் பங்கைத் தாங்களே வாங்குவதற்குப் பொதுவாகத் தடை இருந்தது. இங்கிலாந்தில் 1887இலேயே பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. கம்பெனிக்குக் கடன் கொடுத்தவன் முதலைப் பார்த்துத்தான் கொடுத்தான், அதைச் சத்தமில்லாமல் பங்குதாரர்களுக்கு எடுத்துக் கொடுக்காதே என்பது அதன் சாரம். இப்போது அனுமதி உண்டு, கடிவாளத்தோடு. மூலதனமும் உபரியும் சேர்ந்த தொகையில் 25 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது, கடன் ஓர் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம். கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டாயிற்று. நம் கைக்கு?

அக்டோபரிலேயே நண்பரிடம் முடியாது என்றிருந்தேன். விகிதம் வந்தபின் எதிர் வீட்டு டீச்சர் கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பழைய கலங்கரை விளக்கம் தாண்டுகிற வரைக்கும் பேசாமல் வந்தார். அப்புறம் கேட்டார்:

"உங்க வீட்டம்மா பேர்ல எத்தனை இன்ஃபோசிஸ் இருக்குது சார்?"

"நாப்பது."

"யார் பணம்?"

"...என்னுதுதான்."

"உங்க பேர்ல?"

"எழுபது."

"ரெண்டு பேரும் சிறு பங்குதாரர். ரெண்டும் அப்ளை பண்ணுவீங்க. ஒரே வீடு, ஒரே பர்ஸ். உங்க வீட்ல ரெண்டு பேர், என் வீட்ல நாலு பேர். கோடு எங்க சார் போடறீங்க?"

பதில் தெரியாமல் நின்றேன். பைபேக்குக்காக வாங்கியதில்லை, பத்து வருஷம் முன்பு வாங்கியது என்று சொல்லலாம். இரண்டையும் சேர்த்தாலே இரண்டு லட்சம் தாண்டாது, நானே வைத்திருந்தாலும் சிறியவன்தான் என்றும் சொல்லலாம். சொன்னேன். ஒப்புக்கொண்டார். ஆனால் நடக்கும்போது எனக்கே இன்னொரு கேள்வி வந்துவிட்டது. ஷேர் மனைவியுடையது என்கிறேனே, ஒருநாளாவது அவளைக் கேட்டு அதில் எதையாவது செய்திருக்கிறேனா? அவளுக்கும் அந்தக் கணக்குக்கும் இருந்த ஒரே சம்பந்தம், விற்கும்போது அவள் செல்லுக்கு ஓ.டி.பி. வரும். அடுப்படியிலிருந்தே நம்பரைக் கத்துவாள். அவ்வளவுதான். என் அம்மா பெயரை நண்பர் இரவல் கேட்டார் என்று எனக்குக் கோபம். நான் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20ஆம் தேதி ஆஃபர் திறந்தது. என் கணக்கில் விண்ணப்பித்தேன். டீச்சரம்மாவுக்கும் அவர் பேத்தியை விட்டுப் போடச் சொன்னேன். மனைவியிடம் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்து, 1,500, 1,800, பதினொன்றுக்கு இரண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். அரை மணி நேரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

"இது என் ஷேர்தானே?"

"உன் பேர்லதான் இருக்கு."

"பேர்ல இருக்கறது வேற. என்னுதா?"

"உன்னுதுதான்."

"அப்ப வேணாம். அந்த கம்பெனியை நடத்தறவங்களே விக்கலேங்கறீங்க. எனக்கு மட்டும் என்ன அவசரம்?"

அந்தத் தடவை ஓ.டி.பி. வரவேயில்லை.